கனமூலை விலாசம்

புத்தளம் கோட்டில், நீதவானுக்கு முன்னால், தன் பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார்கள் என்ற செய்தி ஸுஹைபுக்குத் தேத்தண்ணிக் கடையில் வைத்துத்தான் கிடைத்தது. கொண்டுவந்தவன் கூட்டாளி ஹுனைஸ். மோட்டார் சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டு, தண்டம் கட்டுவதற்கென்று போனவன். போன காரியத்தை முடித்துக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போகக்கூடாதா? ஆலங்குடாவுக்கே கேட்கிற மாதிரி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“மச்சான், ஒண்ட பேர கூப்பிட்டாங்கடா. பேரு, வாப்பாட பேரு, கனமூலை விலாசம், எல்லாம் சரியாச் சொன்னாங்க.”

“என்னத்துக்கு?”

“எனக்கிட்டக் கேக்கிற. புள்ளச் செலவு கேஸாம். பக்கத்துல நிண்ட லோயர் சொன்னாரு, இந்த ஆளுக்கு வொரண்ட் இரிக்கி, ஆளத்தான் காணல்ல எண்டு. எனக்கு உள்ள எட்டிப் பாக்கவும் ஏலாமப் போச்சி, அவ்வளவு சனம்.”

ஸுஹைப் பாணைத் தேத்தண்ணியில் தோய்த்தபடியே வைத்திருந்தான். அது கரைந்து கோப்பைக்குள் விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

“அது பழைய கேஸ். முடிஞ்சிது” என்றான்.

“முடிஞ்ச கேஸுக்கு ஏன்டா கூப்பிடுறாங்க?”

நியாயமான கேள்விதான். அதனாலேயே ஹுனைஸின் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போல இருந்தது.

முடிந்தது என்று ஸுஹைப் மட்டுமல்ல, ஊரே நினைத்திருந்தது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவன் இருந்தது மனைவி றிஸ்மினாவின் வீட்டில், மாமனாரோடு. ஒரு நாள் மாமனார் அவனுடைய தூக்கத்தைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டார். வெயில் ஏறின பிறகு எழும்புகிறவனைப் பற்றி யார்தான் சொல்லமாட்டார்கள்? ஸுஹைப் ஐயாவுக்கு ரோசம் வந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு கனமூலையில் இருந்த மூத்த சகோதரன், நானாவின் வீட்டுக்குப் போய்விட்டான். மகள் றுமானாவுக்கு அப்போது நாலு வயதுகூட ஆகவில்லை. றிஸ்மினா பொறுத்துப் பார்த்தாள், பிறகு குடும்ப வழக்குகளைப் பார்க்கும் காதியாரிடம் போனாள். காதியார் கூப்பிட்டு, பிள்ளைக்கு மாதாமாதம் தாபரிப்புப் பணம் கொடுக்கச் சொன்னார். ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தவன் ஒரே ஒரு மாதம் கொடுத்தான். ‘புள்ள மாமா வீட்டுலதானே திங்குது’ என்பது அவனுடைய நியாயம்.

காதியார் காத்திருந்து பார்த்துவிட்டு விஷயத்தைக் கோட்டுக்கு அனுப்பினார். கோட்டிலிருந்து அறிவித்தல் வந்த அதே கிழமை, கனமூலையில் இதே மாதிரி வழக்கில் இருந்த ஒருவனைப் பொலிஸ் சலூனில் வைத்துப் பிடித்தது. ஒரு பக்கக் கன்னம் மழித்தும் மறு பக்கம் நுரையோடும் அவனை ஜீப்பில் ஏற்றியதை ஸுஹைப் தன் கண்ணால் பார்த்தான். அடுத்த நாளே ஆலங்குடாவுக்கு வந்து, மாமனாரின் கையைப் பிடித்து, “புள்ளய உட்டுட்டு இரிக்க ஏலல்ல மாமா” என்று அழுதான். கண்ணீர் உண்மையானதுதான். எதற்காக வந்த கண்ணீர் என்பதை அவன் சொல்லவில்லை.

பள்ளிவாசல் தலைவர் வந்தார், ஸலாம் சொல்லவைத்தார். மாமி வட்டிலப்பம் செய்தாள். “சேந்தாச்சி, இனி என்ன வழக்கு” என்றார் தலைவர். எங்கள் பக்கத்தில் இப்படித்தான். புருஷனும் பெண்சாதியும் ஒரு சஹன் தட்டில் சாப்பிட்டுவிட்டால், புத்தளத்தில் இருக்கிற பைலெல்லாம் தன்பாட்டில் மூடிக்கொள்ளும் என்று நினைப்போம். காதியாரிடம் போய்ச் சொல்ல வேண்டும், கோட்டில் சொல்லி எடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறகு நானாவும் குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டார். கனமூலை வீடு பூட்டிக் கிடந்தது. அங்கே யார் வந்து தட்டினார்கள் என்று யாருக்குத் தெரியும்?

சேர்ந்து ஒரு வருடமாகிறது. இப்போது ஸுஹைப் செய்னுலாப்தீன் ஹாஜியாரின் கருவாட்டு லொறியை ஓட்டிக்கொண்டிருந்தான். ஆலங்குடாவிலிருந்து எங்கே போவதென்றாலும் பாலாவிச் சந்தியைத் தாண்ட வேண்டும். சந்தியில் பொலிஸ் நிற்கும், லைசன்ஸ் கேட்கும். லைசன்ஸில் பெயர் இருக்கும். றிஸ்மினாவைப் புத்தளத்துக்குத் தைரொய்ட் கிளினிக்குக்குக் கொண்டுபோகும்போதும் இத்தனை நாளும் கையை வெளியே நீட்டிச் சிரித்துக்கொண்டு போன சந்தி அது. இனிச் சிரிப்பதா?

மறுநாள் ஹாஜியாரிடம் பிரேக் சரியில்லை என்றான். அதற்கு அடுத்த நாள் முதுகு பிடித்துக்கொண்டது என்றான். மூன்றாவது தடவை என்ன பொய் சொல்வதென்று தெரியாமல் போனை நிறுத்தி வைத்தான். ஹாஜியார் ஆள் அனுப்பினார், ஆளிடம் வயிற்றோட்டம் என்றான். இந்த ஒன்றில் மட்டும் கொஞ்சம் உண்மை இருந்தது.

ஹுனைஸ் கொடுத்த நம்பருக்கு எடுத்து, அந்த லோயரிடம் மெதுவாக விசாரித்தான். அவர் அவசரத்தில் இருந்தார். “நீங்களாப் போய்ச் சரணடையுங்க. பொலிஸ் பிடிச்சிக் கொண்டுவந்தா கதை வேற. வழக்குப் போட்டவ வந்து, நாங்க ஒண்டா இரிக்கிறம், இவர்தான் பாக்கிறார் எண்டு சொன்னா நீதவான் யோசிப்பார். அவ சொல்லாட்டி நிலுவை முழுக்கக் கட்டணும். கட்ட ஏலாட்டி மறியல்தான், உள்ள போடுவாங்க” என்றார்.

ஆக, றிஸ்மினா வாய் திறந்தால்தான் விடிவு. அதைக் கேட்பதற்குத்தான் ஸுஹைபுக்கு வாய் வரவில்லை. கேட்டால் அவள் சும்மா இருப்பாளா? கோட்டு அறிவித்தல் எப்ப வந்தது, நீங்க எப்ப வந்தீங்க என்று விரல் விட்டுப் பார்ப்பாள். பார்த்தால், பிள்ளைக்காக வந்தேன் என்று அழுத மனிதன் பொலிஸுக்குப் பயந்து வந்தவன் என்று தெரிந்துவிடும். ஒரு வருடத்துக்கு முன்பென்றால் தெரிந்தால் தெரியட்டும் என்றிருப்பான். இப்போது அப்படியில்லை. இப்போது றுமானா அவன் வயிற்றில் தலை வைத்துத்தான் தூங்குகிறாள். லொறிச் சத்தம் கேட்டால் செருப்பில்லாமல் ஓடி வருகிறாள். றிஸ்மினா மீனின் நடுத்துண்டை இவன் சோற்றுக் கோப்பையில் வைத்துவிட்டு வாலை எடுத்துக்கொள்கிறாள். இந்த வீட்டை விட்டுப் போக அவனுக்கு மனமில்லை. மறியலுக்குப் பயந்தான், உண்மை. ஆனால் அந்தப் பயத்தைவிட, றிஸ்மினா அந்த நடுத்துண்டை இனி வைக்கமாட்டாளோ என்ற பயம்தான் அவனை அதிகம் ஆட்டியது.

சனிக்கிழமை பகல், படலைக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. காக்கிச் சட்டை. ஸுஹைப் முற்றத்தில் வலைத் துண்டு ஒன்றைக் காயவைத்துக்கொண்டிருந்தான். யோசித்துச் செய்தது என்று சொல்ல முடியாது, கால்தான் செய்தது. கிணற்றைச் சுற்றி ஓடி, கோழிக்கூட்டுக்குள் குனிந்து நுழைந்து, கதவை உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டான். ஆறடி மனிதன் கோழிகளோடு மடங்கி உட்கார்ந்திருந்தான். மூக்கில் எச்ச நாற்றம். ஒரு பேட்டுக்கோழி அவன் முழங்காலைக் கொத்திக்கொண்டே இருந்தது. நெஞ்சு அடிக்கிற அடியில் கூடு ஆடி, பொலிஸுக்குத் தெரிந்துவிடும் போலிருந்தது.

றிஸ்மினா வெளியே வந்தாள். அவள் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் கபானா ஒன்றில் குசினி வேலை செய்கிறாள். அங்கே ஒரு பெண்ணின் பை காணாமல் போயிருந்ததாம், எல்லாரிடமும் விசாரிக்கிறார்களாம். சிங்களத்தில் கேட்டான் அந்தப் பொலிஸ்காரன், சிங்களத்திலேயே நிதானமாகப் பதில் சொன்னாள். கடைசியில் அவன் சுற்றுமுற்றும் பார்த்து, மஹத்தயா, வீட்டுக்காரர், எங்கே என்று கேட்டான்.

“வாப்பா கோழிக்கூட்டுக்குள்ள” என்றாள் றுமானா. கையையும் நீட்டினாள்.

ஸுஹைப் கூட்டுக்குள்ளிருந்து கேட்டான். அந்தப் பொலிஸ்காரனுக்குத் தமிழ் தெரியுமா தெரியாதா? அல்லாஹ் அவனுக்குத் தமிழைக் கொடுக்காமல் விட்டிருக்க வேண்டுமே என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

றிஸ்மினா சிரித்தாள். நீட்டிய கையைப் பிடித்து மகளைத் தன் பக்கம் இழுத்து, பிள்ளை கோழியைக் காட்டுது, இவர் கடலுக்குப் போயிட்டார் என்று சிங்களத்தில் சொன்னாள். மோட்டார் சைக்கிள் போன சத்தம் முழுக்க ஓய்ந்த பிறகுதான் அவன் வெளியே வந்தான். தலையில் இறகு, முழங்காலில் இரத்தம். றிஸ்மினா அவனை மேலும் கீழும் பார்த்தாள். கிணற்றடியைக் காட்டி, “கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது” என்றாள்.

ஏன் ஒளிந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. சாப்பிடும்போதும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. புருஷன் பொலிஸைக் கண்டு கோழிக்கூட்டில் நுழைகிறான், ஒரு பெண் ஏன் என்று கேட்காமல் இருப்பாளா? அந்த மௌனம் ஸுஹைபுக்குப் பொலிஸை விடப் பெரிய பயமாகிவிட்டது. ஒரு பகலும் ஒரு இரவும் அதைத் தாங்கினான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது வாசற்படியில் போய் உட்கார்ந்தான்.

“றிஸ்மினா, ஒரு கதை சொல்லணும்.”

“சொல்லுங்க.”

“அந்தப் பழைய கேஸ் முடியல்லயாம். எனக்கு வொரண்ட் இரிக்கிதாம்.”

துருவலை நிற்கவில்லை. “தெரியும்” என்றாள்.

“தெரியுமா? எப்பிடி?”

“நான்தானே கேஸ் போட்டவ. எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்.”

அவனுக்குப் புரியவில்லை. அவள் தேங்காய் மூடியைக் கீழே வைத்துவிட்டு, கையைச் சீலைத் தலைப்பில் துடைத்தாள். அவனைப் பார்க்காமல் துருவலையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“தைரொய்ட் கிளினிக் எண்டு நான் புத்தளம் போறது எல்லாம் கிளினிக் இல்ல. பாதி கோட்டுத் தவணை. போன தவணைக்கும் நீங்கதானே லொறியில கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கினீங்க. நீங்க அங்கால போனதும் நான் கோட்டுக்கு நடந்தன். நீதவான் கேப்பார், ஆள் எங்க எண்டு. கனமூலையில நானா வீட்டுலதான் சேர், இப்ப தெரியாது எண்டு சொல்லுவன். திரும்பவும் அந்த விலாசத்துக்கே வொரண்ட் போகும்.”

“நான் இஞ்சதானே இரிக்கிறன். ஒனக்குப் பக்கத்துலதானே படுக்கிறன்.”

“ஓம். இஞ்ச இருக்கும் வரைக்கும் ஒண்டுமில்ல. பொலிஸ் இஞ்ச தேடாது.” அவள் துருவின தேங்காய்ப்பூவை ஒரு பக்கமாகக் கூட்டினாள். “நீங்க ஏன் வந்தீங்க எண்டு எனக்கு வந்த அண்டே தெரியும். கோட்டு அறிவித்தல் எண்டைக்குப் போனது எண்டு காதியார் எனக்குச் சொல்லித்தானே அனுப்பினவர். பயத்துல வந்த மனிசன். பயம் போனா திரும்பப் போவீங்க. போனா எங்க போவீங்க? நானாட வீட்டுச் சாவி இன்னும் உங்கட பேர்ஸுக்குள்ள இரிக்கி. நான் பாத்திரிக்கன். அங்க போய்க் கதவத் தொறந்தீங்கண்டா பொலிஸ் வரும். அதுக்குத்தான் அந்த விலாசத்த மாத்தாம வெச்சிருந்தன்.”

ஸுஹைபுக்கு முதலில் கோபம் வந்தது. இவ்வளவு நாளும் ஒரு பொறிக்குள் இருந்து சோறு தின்றிருக்கிறேனே என்று நினைத்தான். எழும்பிக் கத்தத்தான் நினைத்தான். ஆனால் அவள் கையைப் பார்த்தான். அந்தக் கை தேங்காய்ப்பூவை அள்ளுவதும் திரும்ப அதிலேயே கொட்டுவதுமாக இருந்தது. ஊரில் யாருக்கும் அடங்காதவள், காதியாருக்கு முன்னால் நிமிர்ந்து நின்று பேசியவள். இவள் பயந்து அவன் பார்த்ததே இல்லை.

“கோட்டுல பொய் சொன்னா உன்னத்தான் உள்ள போடுவாங்க” என்றான்.

“தெரியும். ஒவ்வொரு தவணைக்கும் செத்துச் செத்துத்தான் போயிட்டு வாறன்.”

புதன்கிழமை மூவரும் பஸ்ஸில் போனார்கள். மாமனாருக்குத் தெரியாமல் போக வேண்டியிருந்ததால் றுமானாவையும் கூட்டிக்கொண்டார்கள். பாலாவிச் சந்தியில் ஒரு பொலிஸ்காரன் பஸ்ஸுக்குள் ஏறி, ஒரு பொதியை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினான். அவ்வளவுதான் நடந்தது. அதற்குள் ஸுஹைபின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. சரணடையப் போகிற வழியில் பிடிபட்டால் யார் நம்புவார்கள்?

கோட்டில் லோயர் சரணடைவுப் பத்திரம் கொடுத்தார். பெயரைக் கூப்பிடும் வரைக்கும் ஸுஹைபைக் கம்பிக்குப் பின்னால் இருக்கச் சொன்னார்கள். பக்கத்தில் விலங்கு போட்ட ஒருவன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு இது பழகிய இடம் போல. எனக்கும் பழகிப் போய்விடுமோ என்று ஸுஹைப் நினைத்தான். வெளியே வாங்குப் பலகையில் றுமானா இருந்தாள். அவனைக் கண்டு கை காட்டினாள், அவனால் திருப்பிக் கை காட்ட முடியவில்லை.

பெயர் கேட்டது. கூண்டில் ஏறி நின்றான். லோயர் சிங்களத்தில் ஏதோ சொன்னார், நீதவான் கண்ணாடிக்கு மேலால் இவனைப் பார்த்தார். பிறகு றிஸ்மினாவைக் கூப்பிட்டார். நீதவான் கேட்டதைப் பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

“போன தவணையில இவர் எங்க எண்டு தெரியாது எண்டு சொன்னீங்க. இவர் இவ்வளவு நாளும் எங்க இருந்தவர்?”

நேற்றுத்தான் வந்தார் என்று சொல்லலாம். சொன்னால் அவள் தப்புவாள். ஆனால் இந்த ஒரு வருட நிலுவையும் ஸுஹைபின் தலையில் விழும், கட்ட அவனிடம் வழியில்லை, அவன் உள்ளே போவான். உண்மையைச் சொன்னால் அவன் தப்பலாம், அவள் மாட்டிக்கொள்வாள். நேற்று என்று சொல்லு, நேற்று என்றே சொல்லு என்று ஸுஹைப் மனதுக்குள் கெஞ்சினான். தனக்காக இல்லாமல் இன்னொருவருக்காக அவன் பயந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

“என்ட வீட்டுல” என்றாள் றிஸ்மினா. “ஒரு வருசமா என்ட வீட்டுலதான் சேர் இருந்தார். எங்களப் பாத்தது இவர்தான். நான் பொய் சொன்னன்.”

“ஏன்?”

“உட்டுட்டுப் போயிருவார் எண்டு பயம் சேர்.”

கோட்டில் இருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. பேனையைக் கீழே வைத்தார். அவளையும், பிறகு கூண்டில் நின்றவனையும் பார்த்தார். பேசத் தொடங்கியபோது குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. நீதிமன்றத்தில் பொய் சொல்வதற்கு என்ன தண்டனை என்று தெரியுமா என்று கேட்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் பிள்ளையை யார் பார்ப்பது என்று யோசித்துவிட்டு வா என்றார். ஸுஹைபிடம், பிள்ளைக்குக் கொடுப்பது உன் தயவு இல்லை, கடமை, இதே காரணத்துக்காக உன் பெயர் மறுபடி இங்கே வந்தால் கதையே கிடையாது, நேரே மறியல் என்றார். பிடியாணையை மீளப்பெற்றார். அவள் கோரிக்கையை வாபஸ் வாங்கிக் கையெழுத்து வைத்தாள். வழக்கு முடிந்தது. இந்த முறை உண்மையாகவே முடிந்தது.

வெளியே வெயில் கண்ணைக் கூசவைத்தது. அவளிடம் இனி அவனைக் கட்டி வைக்க ஒன்றும் இல்லை. அவனைத் தேட எந்த விலாசமும் எங்கேயும் இல்லை. நினைத்தால் கனமூலைக்குப் போகலாம், கொழும்புக்குப் போகலாம், பொலிஸ் ஏன் என்று கேட்காது. இதை அவனும் நினைத்தான், அவளும் நினைத்தாள்.

பஸ் நிலையத்தில் ஆலங்குடாச் சந்தி வழியாகப் போகும் கல்பிட்டி பஸ் புறப்பட நின்றது. றுமானா தண்ணீர் கேட்டாள். “நீங்க ஏறுங்க, வாங்கிட்டு வாறன்” என்று ஸுஹைப் கடைக்குப் போனான். கடையில் மிச்சக் காசு கொடுக்கத் தாமதமாகியது. பஸ் மெல்ல நகரத் தொடங்கியதும் ஓடிப்போய்ப் பின்கதவில் தொற்றி ஏறினான். உள்ளே ஒரே சனம். முன்னால் போக முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் தலை மட்டும் நடுவில் தெரிந்தது. நேராக முன்னால் பார்த்துக்கொண்டு, கழுத்தை அசைக்காமல் இருந்தாள். ஒரு தரம் திரும்பினால் போதும், இவனைக் கண்டிருப்பாள். அவள் திரும்பவில்லை. திரும்பிப் பார்த்து, பின்னால் அவன் இல்லை என்றால் என்ன செய்வது என்ற பயம்.

கொண்டக்டர் அவளிடம் போனான்.

“ஆலங்குடாச் சந்தி” என்றாள் றிஸ்மினா. “ஒண்டரை.”

அவளுக்கு ஒன்று, பிள்ளைக்கு அரை. அவனுக்கு அவள் கேட்கவில்லை. கோபப்பட அவனுக்கு ஒரு வழியும் இல்லை. அவனை நம்புவதற்கு அவன் அவளுக்கு என்ன கொடுத்திருக்கிறான்?

கொண்டக்டர் சனத்தை விலக்கிக்கொண்டு அவனிடம் வந்தான். “நானா, நீங்க எங்க?”

“ஆலங்குடாச் சந்தி” என்றான் ஸுஹைப். முன்னால் அவள் கழுத்து மெல்ல அசைந்தது, ஆனால் இன்னும் திரும்பவில்லை. அவளுக்குக் கேட்க வேண்டுமே என்று அவன் இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னான்.